வேதிவினையின் வேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, வினையூக்கி, ஒளி, வினைபடுபொருளின் தன்மை. வினைவேகத்தை மாற்றும் காரணிகள் என்று இந்தப் பட்டியலை ஒப்பித்தால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் ஓர் அளவீடு பிசகும்போது மட்டும் பட்டியல் உதவாது. எந்தக் காரணி எதைத் தொடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவர்களும் செய்முறை வகுப்பு நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த நோக்கில் இங்கே பதில் தருகிறோம்.

வினைவேகம் என்று சொல்லும்போது உண்மையில் எதை அளக்கிறோம்?

ஒரு விநாடியில் வினைபடுபொருளின் செறிவு எவ்வளவு குறைகிறது, அல்லது விளைபொருளின் செறிவு எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான். செறிவை நேரடியாக அளக்க முடியாத இடத்தில் அதோடு சேர்ந்து மாறும் வேறொன்றை அளக்கிறோம்: வெளிவரும் வாயுவின் கன அளவு, குடுவையின் எடைக் குறைவு, நிறம், கலங்கல். 1850ல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் அமிலக் கரைசலில் சர்க்கரை உடைவதைத் தளவிளைவுற்ற ஒளியின் சுழற்சியைக் கொண்டு பின்தொடர்ந்தார். வினைவேகவியலின் முதல் முறையான அளவீடு அதுதான்.

1 கிராம் சலவைக்கல்லை மிகையான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், அறை வெப்பநிலையில் மொத்தம் சுமார் 240 மி.லி. கார்பன் டைஆக்சைடு வரும். முதல் நிமிடத்தில் நுரைத்துக்கொண்டு வரும் வாயு, போகப் போகச் சொட்டுக் குமிழ்களாக அடங்கிவிடும். அமிலமும் குறைகிறது, கல்லும் கரைகிறது, அதனால் வேகம் தானாகவே இறங்குகிறது. “இந்த வினையின் வேகம் என்ன?” என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த நொடியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது தொடக்க வேகத்தை ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

இத்தனை காரணிகளையும் ஒரே கயிற்றில் கட்ட முடியுமா?

முடியும். இரண்டு கேள்விகள் போதும். ஒரு விநாடியில் எத்தனை மோதல்கள் நடக்கின்றன? அவற்றில் எத்தனை மோதல்கள் கிளர்வுறு ஆற்றல் என்ற தடையைத் தாண்டும் வலுவோடும், சரியான திசையிலும் நடக்கின்றன?

செறிவு, வாயுவின் அழுத்தம், புறப்பரப்பு ஆகிய மூன்றும் முதல் கேள்வியைச் சேர்ந்தவை. வினையூக்கி இரண்டாவதைச் சேர்ந்தது. வெப்பநிலை இரண்டையுமே தொடுகிறது என்றாலும், முதலாவதில் அதன் பங்கு மிகச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதை அடுத்த பதிலில் கணக்குப் போட்டே காட்டுகிறோம், ஏனென்றால் பெரும்பாலானோர் தடுமாறுவது அங்கேதான்.

10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்கிறார்களே, மூலக்கூறுகள் அவ்வளவு வேகமாக ஓடுகின்றனவா?

இல்லை. 25 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் கெல்வின் கணக்கில் அது 298லிருந்து 308தான். மூலக்கூறுகளின் சராசரி வேகம் இந்த எண்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் கூடுதல் வெறும் 1.7 சதவீதம். மோதல் எண்ணிக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் கூடும். 1.7 சதவீதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கை விளக்க முடியாது.

விளக்கம் தடையைத் தாண்டுகிறவர்களின் கணக்கில் இருக்கிறது. கிளர்வுறு ஆற்றல் மோலுக்கு 53 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் சுமார் 195 கோடி மோதலுக்கு ஒன்றுதான் அந்த ஆற்றலோடு நடக்கும். 35 டிகிரியில் சுமார் 98 கோடிக்கு ஒன்று. விகிதம் இரண்டு மடங்கு, ஆகவே வேகமும் இரண்டு மடங்கு. இந்தத் தொடர்பைச் சமன்பாடாக 1889ல் நிறுவியவர் அர்ரீனியஸ்.

இரட்டிப்பு விதி எல்லா வினைக்கும் பொருந்தாது. கிளர்வுறு ஆற்றல் 53 கிலோஜூலை ஒட்டி இருந்து, வெப்பநிலையும் அறை வெப்பநிலையை ஒட்டி இருந்தால்தான் அது சரி. அதே 10 டிகிரிக்கு, 20 கிலோஜூல் தடை உள்ள வினை 1.3 மடங்குதான் கூடும், 100 கிலோஜூல் தடை உள்ள வினையோ 3.7 மடங்கு கூடும். தடை உயர உயர, வினை வெப்பநிலைக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும்.

குக்கர், குளிர்பதனப் பெட்டி, ஊட்டியில் வேகாத பருப்பு: எல்லாம் இதே கணக்கா?

ஏறக்குறைய. வெயிட் போட்ட குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிக்கு மேல் போகாது. அந்த 20 டிகிரி வித்தியாசம்தான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான்.

34 டிகிரி அறையில் இருக்கும் பாலை 4 டிகிரியில் வைத்தால் 30 டிகிரி குறைகிறது. இரட்டிப்புக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு வேகம். இட்லி மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்களும் அவற்றின் நொதிகளும். மார்கழிக் குளிரில் மாவு புளிக்கச் சுணங்கும் என்பது சரி. ஆனால் மேலும் மேலும் சூடாக்கினால் மேலும் மேலும் வேகம் வராது. ஓர் அளவுக்கு மேல் நொதியின் புரத அமைப்பே குலைந்து வேலை நின்றுவிடும். கொதிநீர் ஊற்றிய மாவு பொங்குவதில்லை.

செறிவின் விளைவைக் காட்டப் பள்ளி ஆய்வகத்துக்கு நல்ல சோதனை எது?

சோடியம் தயோசல்பேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலக்கும் “மறையும் பெருக்கல் குறி” சோதனை. கந்தகம் பொடிப்பொடியாகப் பிரிந்து கரைசல் கலங்குகிறது. குடுவைக்கு அடியில் காகிதத்தில் போட்ட குறி கண்ணுக்கு மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

தேவையானவை: 0.1 மோலார் தயோசல்பேட் 250 மி.லி. (ஐந்து நீர்மூலக்கூறுகளுடைய படிகம் 6.2 கிராம் போதும்). 2 மோலார் அமிலம் 100 மி.லி. (அடர் அமிலம் சுமார் 17 மி.லி.; தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது). ஒரே அளவுள்ள 100 மி.லி. கூம்புக் குடுவைகள் ஐந்து, நிறுத்துக் கடிகாரம் ஒன்று.

முதல் குடுவையில் தயோசல்பேட் 50 மி.லி., தண்ணீர் வேண்டாம். இரண்டாவதில் 40ம் 10ம். பிறகு 30ம் 20ம், 20ம் 30ம், 10ம் 40ம். எதிலும் கூட்டுத்தொகை 50. குடுவையைக் குறியின் மேல் வைத்து, 10 மி.லி. அமிலத்தை ஒரே வீச்சில் ஊற்றி, பாதி ஊற்றும்போதே கடிகாரத்தை அழுத்தி, ஒரு சுழற்று சுழற்றிவிட்டு மேலிருந்து பார்க்கவும். முதலில் தெளிந்த நீர், பிறகு மெல்லிய நீலம் கலந்த வெண்மை, பிறகு மஞ்சள் பால். குறியின் நடுப்புள்ளி கடைசியாக மறையும் நொடிதான் அளவீடு.

ஒவ்வொரு முறையும் குறி மறைவது ஏறத்தாழ ஒரே அளவு கந்தகம் உருவானபோது. ஆகவே 1/நேரம் என்பது வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 50 மி.லி. குடுவைக்கு 40 விநாடி ஆனால், 20 மி.லி. குடுவைக்கு 100 விநாடியை ஒட்டி வர வேண்டும். தயோசல்பேட்டின் செறிவை ஓர் அச்சிலும் 1/நேரத்தை மற்றதிலும் குறித்தால் ஆதிப்புள்ளி வழியே நேர்கோடு.

வெளிவரும் கந்தக டைஆக்சைடு மூச்சுக்குழலை எரிக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், ஆஸ்துமா உள்ள மாணவர்கள் தள்ளி நிற்கட்டும். குறி மறைந்தவுடன் குடுவையை சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் கவிழ்த்துவிட்டால் அமிலம் நடுநிலையாகி வாயு அடங்கும்.

என் புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை. எங்கே தவறு?

நாங்கள் முதலில் பார்ப்பது குடுவையை. முந்தைய சோதனையின் கந்தகம் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால், அடுத்த முறை குறி சீக்கிரமே மறையும், வேகம் பொய்யாகக் கூடித் தெரியும். உடனே தேய்த்துக் கழுவவும், காய்ந்தபின் அது லேசில் போகாது.

அடுத்து, தண்ணீர் சேர்க்க மறந்திருக்கலாம். 20 மி.லி. தயோசல்பேட்டோடு தண்ணீர் விடாமல் அமிலத்தை ஊற்றினால் அமிலத்தின் செறிவும் மாறுகிறது, திரவத்தின் உயரமும் குறைகிறது. உயரம் குறைந்தால் குறியை மறைக்க அதிக கலங்கல் வேண்டும். அகலமான குடுவைக்கும் குறுகலான குடுவைக்கும் இதே சிக்கல். ஒன்றை மாற்றும்போது மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்திருக்க வேண்டும். இந்தச் சோதனையின் கடினமான பகுதி அதுவே.

தயோசல்பேட் கரைசல் பழையதாக இருந்தாலும் பிசகும். காற்றின் கார்பன் டைஆக்சைடும் நுண்ணுயிர்களும் அதை மெதுவாகச் சிதைக்கும். கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் அன்றன்றைக்குத் தயாரிப்பது நல்லது. கடைசியாக, ஐந்து அளவீடுகளையும் ஒரே ஆள் பார்க்கட்டும். “மறைந்துவிட்டது” என்று சொல்வதில் ஆளுக்கு ஆள் சில விநாடி வித்தியாசம் வரும்.

இதே சோதனையை வெப்பநிலைக்குச் செய்யும்போது?

20 மி.லி. தயோசல்பேட், 30 மி.லி. தண்ணீர் என்று நிலையாக வைத்துக்கொண்டு 30, 40, 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி அமிலத்தைச் சேர்க்கவும். ஏறக்குறைய எல்லாக் குறிப்பேடுகளிலும் காணும் பிழை, சேர்ப்பதற்கு முந்தைய வெப்பநிலையை எழுதிவிடுவது. 50 டிகிரியில் உள்ள 50 மி.லி. கரைசலில் 30 டிகிரி அமிலம் 10 மி.லி. ஊற்றினால் கலவை 46.7 டிகிரிக்கு இறங்கிவிடும். 3 டிகிரிக்கு மேல் பிழை. கலந்தபின் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள், அல்லது அமிலத்தையும் அதே நீர்த்தொட்டியில் சூடாக்கிக்கொள்ளுங்கள். 60 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். குறி மறையும் நேரம் கைக்கு அடங்காத அளவு குறைந்துவிடும், வாயுவும் அதிகமாக வெளியேறும்.

சமன்செய்த சமன்பாட்டைப் பார்த்து வினைவகையைச் சொல்லலாமா?

கூடாது. வினைவகை என்பது, வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்து மாறுகிறது என்பது. அமில ஊடகத்தில் அசிட்டோனும் அயோடினும் வினைபுரிவதைப் பாருங்கள். சமன்பாட்டில் அயோடின் இருக்கிறது. ஆனால் அயோடினின் செறிவை இரட்டித்தால் வேகம் மாறாது. அசிட்டோனையோ அமிலத்தையோ இரட்டித்தால் இரட்டிக்கும். மெதுவான படியில் அயோடினுக்கு வேலையே இல்லை, அது முடிந்தபின்தான் உள்ளே வருகிறது. வினைவகை சோதனையில் கண்டறிய வேண்டியது, தாளில் கணக்கிட வேண்டியதல்ல.

துண்டாக்கினால் வேகம் எவ்வளவு கூடும்?

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் ஆயிரம் துண்டுகள், மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. 0.1 மி.மீ. ஆக்கினால் 600. எடை மாறவில்லை, அமிலத்துக்குத் திறந்திருக்கும் வாசல்தான் நூறு மடங்கானது. ஆகவே சலவைக்கல் சோதனையில் “1 கிராம்” என்று எடை போட்டால் போதாது, துண்டுகளின் அளவையும் சலித்து ஒன்றாக்க வேண்டும். தூசியைத் தட்டிவிடாமல் போட்டால் முதல் சில விநாடிகளில் தூசி மட்டும் சீறிக் கரைந்து தொடக்க வேகத்தைக் கெடுத்துவிடும். எடைக் குறைவை அளக்கிறீர்கள் என்றால் குடுவை வாயில் பஞ்சு வையுங்கள். தெறித்து வெளியேறும் துளிகளும் எடையில் குறையும்.

மாவு, சர்க்கரை, நிலக்கரி போன்றவற்றின் நுண்தூசி காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிப்பதும் இந்தக் கணக்கினால்தான். மூட்டையில் இருக்கும் மாவு எரியவே தயங்கும்.

கந்தக அமிலத்தில் சலவைக்கல் நுரைத்துவிட்டு உடனே நின்றுவிடுகிறது. அமிலம் கெட்டதா?

அமிலம் நன்றாகத்தான் இருக்கிறது. கால்சியம் சல்பேட் தண்ணீரில் அதிகம் கரையாது. அது கல்லின் மேல் தோலாகப் படிந்து அமிலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள், கால்சியம் குளோரைடு கரைந்து போய்விடும். அலுமினியம் அமிலத்தில் முதலில் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு திடீரென நுரைப்பதும் இதே வகைதான். மேலுள்ள ஆக்சைடு படலம் கரையும் வரை காத்திருக்க வேண்டும்.

தூய துத்தநாகம் மந்தமாக இருந்தால் சில துளி மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் விடுங்கள். துத்தநாகத்தின் மேல் செம்பு படிந்து, இரண்டும் சேர்ந்து சிறு மின்கலம்போல் இயங்கி, ஹைட்ரஜன் விரைவாக வரும். அளவுக்கு மேல் விட்டால் செம்பே மேற்பரப்பை மூடிவிடும்.

வினையூக்கி வினையில் பங்கேற்பதில்லை என்பது சரியா?

தவறு. பங்கேற்கிறது, கடைசியில் மீண்டும் கிடைக்கிறது. தடை குறைவான வேறொரு பாதையை அது திறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகச் சிதையக் கிளர்வுறு ஆற்றல் மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அயோடைடு அயனி இருந்தால் சுமார் 56. மற்றவை மாறாதென்று கொண்டால், இந்த 19 கிலோஜூல் குறைவு அறை வெப்பநிலையில் வேகத்தைச் சுமார் 2,000 மடங்கு கூட்டும். கல்லீரலிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள கேட்டலேஸ் நொதி இதையும் விஞ்சும்.

செய்து பார்க்க: 20 வால்யூம் பெராக்சைடு (தன் கன அளவைப்போல 20 மடங்கு ஆக்சிஜன் தருவது) 5 மி.லி., மாங்கனீசு டைஆக்சைடு ஒரு சிட்டிகை. சுமார் 100 மி.லி. ஆக்சிஜன் வரும். முடிந்தபின் கரும்பொடியை வடிகட்டி, உலர்த்தி எடை போட்டால் போட்டது அப்படியே இருக்கும். 100 வால்யூம் பெராக்சைடில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். வாயு போக வழியில்லாமல் மூடியும் வைக்காதீர்கள்.

வினையூக்கி சமநிலையை நகர்த்தாது. முன்னோக்கிய வினைக்கும் பின்னோக்கிய வினைக்கும் ஒரே அளவில் உதவும். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் இரும்பு ஊக்கி அமோனியாவின் விளைச்சல் விகிதத்தைக் கூட்டவில்லை, அந்த விகிதத்தை விரைவில் எட்டவைக்கிறது. அமோனியா வெப்பத்தை உமிழ்ந்து உருவாவதால் குறைந்த வெப்பநிலையில்தான் விளைச்சல் அதிகம், ஆனால் அங்கே வேகம் போதாது. 400 முதல் 500 டிகிரி என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

ஊக்கியின் மேற்பரப்பில் வேறொன்று ஒட்டிக்கொண்டால் அது நஞ்சாகும். வாகனப் புகையைச் சுத்தமாக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஊக்கிகளை ஈயம் கெடுத்துவிடும். 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதற்கு, உடல்நலக் கேட்டோடு இதுவும் ஒரு காரணம்.

மூடிய கலத்தில் வினைபுரியாத ஆர்கான் வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடுமா?

கன அளவு மாறாவிட்டால் கூடாது. வினைபடும் வாயுக்களின் செறிவு அப்படியேதான் இருக்கிறது. கலத்தைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டினால்தான் செறிவு கூடும், வேகமும் கூடும்.

ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலில் மட்டும் ஏன் சூடாக்கச் சொல்கிறார்கள்?

தரம்பார்த்தலில் பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விட்டு அளவறிகிறோம். மோர் உப்பிலுள்ள (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பெர்மாங்கனேட் விழுந்த கணமே நிறம் போகும். ஆக்சாலிக் அமிலத்திலோ கார்பன்-கார்பன் பிணைப்பு உடைய வேண்டும், தடை அதிகம். அதனால் 60 முதல் 70 டிகிரி.

முதல் துளி விழுந்ததும் கவனியுங்கள். சூடான கரைசலிலும் இளஞ்சிவப்பு சற்றுத் தயங்கி நிற்கும், பிறகு மறையும். அடுத்தடுத்த துளிகள் விழுந்த இடத்திலேயே மறையும். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு ஊக்கியாகிவிடுகிறது. தன்னூக்கம் என்பது இதுதான். கரைசல் ஆறிப்போயிருந்தால் அந்தத் தயக்கத்தை முடிவுநிலை என்று எண்ணிப் பியூரெட்டை மூடிவிடுவார்கள், அளவு குறைந்துவிடும். கொதிக்கவிட்டாலும் குறையும், ஏனென்றால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். பழுப்பாகக் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை அவசரமாக விட்டிருக்கிறீர்கள். மோர் உப்பைச் சூடாக்காதீர்கள், காற்றே அதை ஆக்சிஜனேற்றிவிடும்.

ஒளி?

சில வினைகளுக்கு மட்டும். வெள்ளி நைட்ரேட்டும் பெராக்சைடும் பழுப்புப் புட்டியில் வருவது அதனால். இருட்டில் அமைதியாகக் கலந்திருக்கும் ஹைட்ரஜனும் குளோரினும் வெயில் பட்டால் வெடிக்கும்.

இலங்கைப் பாடநூலில் சொற்கள் வேறாக உள்ளனவே?

பொருள் ஒன்றே. தமிழ்நாட்டில் வினைவேகம், வினையூக்கி அல்லது வினைவேகமாற்றி, கிளர்வுறு ஆற்றல். இலங்கையில் தாக்கவீதம், ஊக்கி, ஏவற்சக்தி.

சோதனைக் குழாயில் சாதுவாக நடக்கும் வினை தொட்டியில் ஏன் கட்டுமீறுகிறது?

வெப்பம் வெளியேறும் வழி போதாததால். பாத்திரத்தின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் உள்ளே உருவாகும் வெப்பம் ஆயிரம் மடங்காகும், அதை வெளியே கடத்தும் சுவரின் பரப்போ நூறு மடங்குதான். மிஞ்சிய வெப்பம் வெப்பநிலையை ஏற்றும், வெப்பநிலை வேகத்தை ஏற்றும், வேகம் இன்னும் வெப்பத்தைத் தரும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பு என்ற கணக்கு இங்கே தொடர்ச்சியாகத் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

1984 டிசம்பர் 2ம் தேதி நள்ளிரவையொட்டி போபாலில் நடந்தது இது. 40 டன்னுக்கு மேற்பட்ட மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவம் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் திரவத்தை 0 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக இயங்கவில்லை. அரிப்பில் கரைந்த இரும்பு வினைக்கு ஊக்கியாகவும் ஆனது. குளிர்ந்த நிலையில் மெதுவாகத் தொடங்கியிருக்கக்கூடிய வினை, அங்கே தொடக்கத்திலேயே வேகம் பிடித்தது. திரவம் கொதித்து அழுத்தம் ஏறி, வாயு பாதுகாப்பு வால்வு வழியே ஊருக்குள் போனது. இன்று தொழிற்சாலைகளில் இத்தகைய வினைகளில் வினைபடுபொருளை மொத்தமாகக் கொட்டாமல் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள், கலக்கியும் குளிர்நீரும் நின்றால் சேர்ப்பதும் தானாக நிற்கும்படி இணைத்து வைக்கிறார்கள்.